கத்தி வேண்டாத ரொட்டி

வீட்டில் நான் சுடும் ரொட்டிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கத்தியே தேவைப்படாத ஒன்று. ஈஸ்ட் போட்டுப் பொங்கிய மாவைச் சின்ன நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி, உருக்கிய வெண்ணெயில் முக்கி, பட்டைப் பொடி கலந்த சர்க்கரையில் புரட்டி, அச்சில் அடுக்கி, மறுபடி பொங்கவிட்டுச் சுடுவது. வெந்ததும் தட்டில் கவிழ்த்து நடுவில் வைத்துவிட்டால் போதும். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு உருண்டையாகப் பிய்த்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் இதற்கு மங்கி பிரெட் என்று பெயர். அங்கே பல வீடுகளில் கிறிஸ்துமஸ் காலைப் பலகாரம் இதுதான். கடைசியில் வந்து பிய்க்கப்போகும் கைகளை நினைத்தே இதன் ஒவ்வொரு வேலையும் அமைந்திருக்கிறது என்பது செய்யச் செய்ய எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

இதன் பிறந்த வீடு ஹங்கேரி. அங்கே அரன்யகலுஷ்கா என்கிறார்கள். மாவு உருண்டைகளை வெண்ணெயில் தோய்த்து, சர்க்கரையும் பொடித்த வால்நட்டும் கலந்ததில் புரட்டிச் சுட்டு, வெனிலா மணக்கும் பால் கஸ்டர்டோடு சாப்பிடுவார்கள். ஹங்கேரிய யூதக் குடும்பங்கள் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தபோது இந்தப் பக்குவமும் கூடவே போனது. 1972இல் பெட்டி க்ராக்கர் சமையல் புத்தகத்தில் ஹங்கேரியன் காபி கேக் என்ற பெயரில் ஏறியது. 1980களில் அமெரிக்க அதிபரின் மனைவி நான்சி ரீகன் வெள்ளை மாளிகையின் கிறிஸ்துமஸ் விருந்தில் பரிமாறியதும் நாடு முழுக்கப் பேர் வாங்கியது.

இதற்கு வேண்டிய ஈஸ்டுக்கும் அச்சுக்கும்கூட இதே மாதிரி ஒரு பயணம் உண்டு. மத்திய ஐரோப்பாவிலிருந்து போன யூதரான சார்ல்ஸ் ஃப்ளைஷ்மன் 1868இல் சின்சினாட்டி நகரில் கட்டி ஈஸ்ட் தயாரிக்கத் தொடங்கினார். அதன்பின் ஒரே தரமான ஈஸ்ட் அமெரிக்க வீடுகளுக்கு எளிதாகக் கிடைத்தது. நடுவில் துளையுள்ள பண்ட் அச்சு 1950இல் மினியாபொலிஸில் உருவானது. ஐரோப்பியப் பாட்டிமார் வைத்திருந்த மண் அச்சைப் போல ஒன்று வேண்டும் என்று யூதப் பெண்கள் சிலர் கேட்க, நார்டிக் வேர் நிறுவனத்தின் டேவிட் டால்க்விஸ்ட் அதை வார்த்துக் கொடுத்தார். ஊரைவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டுப் போகிறார்கள். எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து தின்னும் பண்டத்தை மட்டும் அவர்கள் விடுவதில்லை.

பிய்ப்பதற்கென்றே ஒரு ரொட்டி எப்படி அமைகிறது? மைதாவில் தண்ணீரோ பாலோ சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் கூடி க்ளூட்டன் என்னும் பின்னலாகின்றன. ஈஸ்ட் வெளிவிடும் காற்றைப் பிடித்து வைப்பது இந்தப் பின்னல்தான். வெறும் மாவு உருண்டைகளை நெருக்கி வைத்தால் தொட்ட இடமெல்லாம் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வெண்ணெயில் முக்கிய உருண்டைகளுக்கு நடுவில் கொழுப்பு மெல்லிய திரையாக நிற்கிறது. அவை ஒன்றையொன்று அணைத்தபடி வேகின்றன, ஆனால் கரைந்து ஒன்றாவதில்லை. நெருக்கமாக இருப்பதால் பக்கங்களில் மேலோடு கட்டாது. ஆவி உள்ளேயே தங்கி, பிய்த்த இடம் பஞ்சாக வருகிறது. நம் பேக்கரித் தட்டுகளில் பன்கள் தோளோடு தோள் ஒட்டி வெந்து வருவதும், மும்பையின் லாடி பாவும் இதே வித்தைதான்.

மாவுக்கு 400 கிராம் மைதா, 200 மில்லி பால், ஒரு முட்டை, 50 கிராம் சர்க்கரை, 60 கிராம் வெண்ணெய், 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், ஒரு டீஸ்பூன் உப்பு எடுத்துக்கொள்வேன். பழைய அமெரிக்கக் குறிப்புகள் பாலைக் காய்ச்சி ஆறவிட்டுச் சேர்க்கச் சொல்கின்றன. பச்சைப் பாலில் உள்ள சில புரதங்கள் க்ளூட்டனைத் தளர்த்திவிடும். சூடேறினால் அந்தக் குணம் போய்விடும். காய்ச்சாத பாலை எதற்கும் எடுக்காத நம் சமையலறைகளில் இந்த வேலை ஏற்கெனவே முடிந்திருக்கிறது. பட்டைப் பொடியை மாவுக்குள் போடக் கூடாது. பட்டைக்கு மணம் தரும் எண்ணெய் ஈஸ்டை அடக்கும், மாவு மந்தமாகிவிடும். உருண்டைக்கு வெளியே சர்க்கரையோடு அது இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தச் சர்க்கரைக்கு நான் நாட்டுச் சர்க்கரையைத்தான் எடுப்பேன். வெண்ணெயோடு உருகும்போது அதன் கரும்பு மணம் வீடு முழுக்க நிற்கும்.

பிசைவதில் அவசரம் காட்டினால் பலனில்லை. மாவில் ஒரு துண்டை எடுத்து விரல்களால் மெல்ல இழுத்தால் கிழியாமல் விரிந்து, வெளிச்சம் ஊடுருவும் சவ்வாக வர வேண்டும். அதுவரை பிசைய வேண்டும். பிறகு மூடி வைக்க வேண்டும். குளிர்நாட்டுக் குறிப்புகள் ஒன்றரை மணி நேரம் என்று சொல்லும். சென்னையில் மே மாதச் சமையலறையில் அந்தக் கணக்கு எடுபடாது. பாதி நேரத்திலேயே மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொடும். அவசரமாகப் பொங்கிய மாவில் சுவை குறைவு என்பதால் கோடையில் பாலைக் குளிரவைத்தே ஊற்றுவேன். நேரம் இருந்தால் இரவு முழுக்க மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி என் அத்தைதான். ஈஸ்ட் போட்டு ரொட்டி சுட்டவர் அல்லர். ஆனால் இட்லி மாவு வெயில் காலத்தில் எப்போது பொங்கும், மார்கழியில் எவ்வளவு தாமதிக்கும் என்று காலமெல்லாம் பார்த்தவர். துணியை விலக்கிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் விடும்மா, பொங்கட்டும்" என்பார். விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதியளவுக்கு மட்டும் மேலெழ வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. அத்தை பார்வையிலேயே அதைச் சொல்லிவிடுகிறார்.

உருட்டும் வேலைக்கு வீட்டில் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஒருத்தர் மாவைக் கிள்ளிக் கொடுக்க, இன்னொருத்தர் உருட்ட, பிள்ளைகள் வெண்ணெயில் முக்கிச் சர்க்கரையில் புரட்டுவார்கள். உருண்டைகள் ஒரே அளவாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பெரியதும் சின்னதும் ஒன்றின் இடைவெளியில் ஒன்று உட்கார்ந்துகொள்ளும். நடுவே முந்திரியைத் தூவி அச்சில் அடுக்கி, இன்னொரு முறை பொங்கவிட்டு, 180 டிகிரியில் முப்பது முப்பத்தைந்து நிமிடம் வைத்தால் வெந்துவிடும். அச்சின் நடுத்துளை வழியாகவும் சூடு ஏறுவதால் உள்ளே இருக்கும் உருண்டை பச்சையாக நின்றுவிடாது. வெளியே எடுத்து ஐந்து நிமிடத்தில் கவிழ்த்துவிட வேண்டும். ஆறவிட்டால் உருகிய சர்க்கரை இறுகி அச்சோடு பிடித்துக்கொள்ளும்.

சூடு கொஞ்சம் தணிந்ததும் சாப்பிட வேண்டும். ரொட்டி ஆற ஆற அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகத் தொடங்குகிறது. ஃப்ரிட்ஜில் வைத்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். வெண்ணெயும் பாலும் இதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தடுத்துவிடாது. மறுநாள் சூடுபண்ணினால் மென்மை திரும்பும். முதல் நாளின் இழுவை மட்டும் திரும்பாது. ஒருவர் தனக்காகச் செய்து, வெட்டி எடுத்துவைத்து, வாரம் முழுக்கத் தின்பதற்கு ஏற்ற ரொட்டி இல்லை இது. அளவைப் பாதியாக்கிச் செய்யலாம்தான். ஆனால் பங்கு கேட்டு நீளும் கைகள் இல்லாத இடத்தில் இவ்வளவு வேலைக்கும் பொருள் இருக்காது.

இந்த ரொட்டியைத் தின்ன வந்தவர்கள் தட்டோடு தனியே போய் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பிய்ப்பதற்கு எல்லாரும் ஒரே தட்டுக்கு வர வேண்டியிருக்கிறது. அடியில் அதிகம் சர்க்கரை ஊறிய உருண்டை யாருக்கு என்ற பேச்சு எழும், யாராவது விட்டுக்கொடுப்பார்கள். எல்லாரும் வீட்டில் இருந்தும் ஒன்றாக உட்காரும் நேரம் குறைந்துபோன நாள்களில் இதற்காக ஒரு காலைப்பொழுதைச் செலவழிப்பது எனக்குப் பெரிய காரியமாகவே படுகிறது. செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஈஸ்டை நனைப்பதற்கு முன்பே யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்துவிடுங்கள். மாவு பொங்கும் நேரம் அவர்கள் வந்து சேரச் சரியாக இருக்கும்.