அடியா? அளவா?

நாம் எட்டாம் வகுப்பு மாணவராக இருந்த நாளில், ஓர் ஆங்கிலச் சொல் நம்மைத் தலைகுனிய வைத்தது. 'ஸ்டிரைக்' என்பதே அச்சொல்!

நம் தந்தையார் நூற்பாலைத் தொழிலாளி. கூலி உயர்வு கேட்டு ஆலைத் தோழர்களோடு அவரும் வாயிலில் நின்ற வாரம் அது. வகுப்பிலே ஆங்கில ஆசிரியர் அச்சொல்லுக்குப் பொருள் கேட்டார். "அடித்தல்" என்றான் ஒருவன். "ஆம், அடித்தல், தாக்குதல்! ஆலை வாயிலில் நிற்கிறார்களே, அவர்கள் செய்வதும் அதுதான்" என்று அவர் நகைத்தார், வகுப்பே நகைத்தது. எவரையும் கைநீட்டி அறியாத நம் தந்தை அடிதடிக்காரரா? கேட்கத் துணிவில்லை. அன்றிரவு அவர் முகத்தை ஏறெடுத்துப் பார்க்கவும் இல்லை.

ஆண்டுகள் பல கழிந்தபின், அகராதியைப் புரட்டும் வாய்ப்பு வந்தது. அச்சொல்லின் வரலாற்றைத் தேடினோம், திகைத்தோம். பழைய ஆங்கிலத்தில் அதன் மூலத்திற்குத் தடவுதல், நீவுதல், செல்லுதல் என்பனவே பொருள்! வருடிய கைதான் பின்னாளில் அடிக்கும் கையாயிற்று. அதன்பின் அச்சொல் புகாத இடமில்லை. மணிப்பொறி ஒலித்தாலும் ஸ்டிரைக். தீக்குச்சியை உரசினாலும் ஸ்டிரைக். மின்னல் தாக்கினாலும், நாணயம் அச்சடித்தாலும், எண்ணெய் வளம் கண்டாலும் ஸ்டிரைக்! பேஸ்பால் ஆட்டத்திலோ, மட்டையை வீசிப் பந்தைத் தவறவிட்டாலும் ஸ்டிரைக்!

வேலைநிறுத்தம் என்ற பொருள் எங்கிருந்து வந்தது? 1768-ஆம் ஆண்டு, லண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றில் நின்ற கப்பல்களின் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டனர். கிடைக்காததால் பாய்களை இறக்கினர். பாயை இறக்குதற்கும் ஆங்கிலத்தில் ஸ்டிரைக் என்றே பெயர். பாய் இறங்கியது, கப்பல் நின்றது, வணிகம் நின்றது. அச்சொல்லுக்குப் புதுப்பொருளும் பிறந்தது. அடித்த கையால் அன்று, பாயை இறக்கிய கையால் பிறந்த பொருள் அது! அதே வழியில்தான் 1908-இல், தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர், வ. உ. சிதம்பரனார் துணைநிற்க, வேலையை நிறுத்திக் கூலி உயர்வு கண்டனர்.

இன்னுமொரு பொருளும் உண்டு. தானியம் அளக்கையில், அளவையின் மேல் குவிந்ததை வழித்துச் சமன்செய்யும் கோலுக்கும் ஆங்கிலேயர் ஸ்டிரைக் என்றே பெயரிட்டனர். நம் கடைத்தெருவிலே முன்பு படியைத் தலைதட்டி அளந்தோமே, அந்த வேலைதான். கொடுப்பவர்க்கு இழப்பில்லை, கொள்பவர்க்குக் குறைவில்லை. ஆலை வாயிலில் நின்றோர் கேட்டதும் அந்தச் சரியளவைத்தானே!

வருடலாகப் பிறந்ததால் அது நற்சொல்லும் அன்று. அடியாக வளர்ந்ததால் இழிசொல்லும் அன்று. யார், எதற்காக வழங்கினர் என்பதே அதன் மதிப்பை வகுத்தது. பிறப்பைக் காட்டி ஒரு சொல்லையே எடைபோட இயலவில்லையெனில், மனிதனை எடைபோடுவது எவ்வகையில் அறிவுடைமை?

நம் தந்தையார் இன்றில்லை. கப்பற்பாயின் கதையை அவரிடம் கூறும் பேறு நமக்குக் கிட்டவில்லை. ஆகவே உங்களிடம் கூறுகிறோம், இளந்தோழர்களே! ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை மட்டும் காட்டி எவரேனும் உழைப்பாளரைப் பார்த்து நகைத்தால், நாம் அன்று குனிந்ததுபோல் குனியாதீர். அகராதியின் அடுத்த வரியையும் படித்துக் காட்டுங்கள்!