நகம் வெட்டியாச்சா?

நாமக்கல்லில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தால் இரவு எட்டுக்குத்தான் நாற்காலி என்னை விடும். 41 வயதில் என் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்த டாக்டர், "சர்க்கரை வாசல்ல நிக்குது. நடங்க" என்றார். எனக்கு மலை ஏற வேண்டுமென்று ஆசை வந்தது. யாரிடமும் கேட்காமல் அடுத்த ஞாயிறே திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

முந்தின நாள் வாங்கிய ஷூ, ஜீன்ஸ் பேன்ட், வயிறு நிறையப் பொங்கலும் வடையும், கையில் அரை லிட்டர் தண்ணீர். அர்த்தநாரீசுவரர் மலைக்கு ஏறத்தாழ 1,200 படிகள். அவற்றில் அறுபதாம் படி சத்தியப்படி. அந்தக் காலத்தில் வழக்கு வம்பு உள்ளவர்கள் அங்கே வந்து சத்தியம் செய்வார்களாம். அங்கேயே மூச்சு வாங்கி உட்கார்ந்து, இனி இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று நானும் ஒரு சத்தியம் செய்தேன். பின்னால் வந்த ஒரு பாட்டி வெறுங்காலோடு என்னைத் தாண்டிப் போனதால்தான் மேலே போனேன். ஏறிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் இறங்கும்போது குடுகுடுவென ஓடினேன்.

திங்கட்கிழமை நொண்டிக்கொண்டே ஆபீசுக்குப் போனேன். இரண்டு கட்டைவிரல் நகங்களும் நாவல்பழ நிறத்தில் கன்றியிருந்தன. எங்கள் இரவுக் காவலாளி ஐயா பார்த்துவிட்டார்.

"மலைக்குப் போனீங்களா தம்பி?"

"எப்படிங்கய்யா தெரியும்?"

"இது ஏறுனதுல வந்த காயம் இல்லீங்க. இறங்குனதுல வந்தது."

ஐயா போதமலைக்காரர். ராசிபுரத்துக்கு அருகில் உள்ள அந்த மலைக்கு, தேர்தல் சமயத்தில் ஓட்டு இயந்திரங்களைத் தலைச்சுமையாகக் கொண்டுபோவதைப் பேப்பரில் படமாகப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பாதையில் சுமையோடு சந்தைக்கு இறங்கி, வேறு சுமையோடு ஏறி வளர்ந்தவர். எனக்குச் சொல்லித்தரச் சம்மதித்தார். ஆனால் மலைக்குப் போக ஒரு மாதம் விடவில்லை.

முதல் பாடம் நகம். இறங்கும்போது கால் ஷூவுக்குள் முன்னால் சறுக்கும். நீண்ட நகம் ஒவ்வொரு படிக்கும் முன்பக்கத்தில் போய் முட்டும். எனக்குக் கணக்குப் புத்தி. 1,200 படி என்றால் காலுக்கு 600 குத்து. இரண்டாவது பாடம் கயிறு. குதிகாலை ஷூவின் பின்பக்கம் நன்றாக இடித்து உட்காரவைத்து, கணுக்காலுக்குக் கீழே இறுக்கி, விரல் பக்கம் தளரவிட வேண்டும். சரியாகக் கட்டினால் குதிகாலை யாரோ உள்ளங்கையில் ஏந்திப் பிடித்ததுபோல் இருக்கும். விரல்களோ தாராளமாக அசையும். இருபது தடவையாவது அவிழ்த்துக் கட்டச் சொன்னார். கால் சற்று வீங்கியிருக்கும் சாயங்காலத்தில்தான் ஷூ வாங்க வேண்டும் என்பதையும், பழைய ஷூவைத் தூக்கிப் போட வைத்த பிறகுதான் சொன்னார்.

அடுத்து நாமக்கல் கோட்டைப் பாறை. தினமும் கண்ணில் படுகிற ஒற்றைக் கல். மேலே போகப் பாறையிலேயே படி வெட்டியிருக்கிறார்கள். ஆபீசில் 'வாங்க, போங்க' என்கிற ஐயா, பாறையில் கால் வைத்ததும் 'வா, நில்லு' என்று மாறிவிடுவார். ஏறிக்கொண்டே எங்கள் லாரிகளின் நம்பரைச் சொல்ல வேண்டும் என்றார். "டி.என். 28..." என்று ஆரம்பிப்பேன். நம்பர் முடிவதற்குள் மூச்சு அறுந்தால், "வேகம் ஜாஸ்தி. நில்லு, திரும்பச் சொல்லு." ஆஞ்சநேயரைப் பார்க்க வந்தவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

பின்காலை நேராக்கி, ஒரு நொடி உடம்பின் கனத்தை எலும்பின்மேல் இறக்கிவிட்டு, பிறகே முன்காலுக்கு மாறு என்பார். தொடை தானாக இழுக்க, எனக்கு அது புரியவே இல்லை. ஆறாவது ஞாயிறோ ஏழாவதோ, திடீரென்று ஒரு படியில் தொடை சும்மா இருந்தது. சுவரில் சாய்ந்து நிற்கிற சுகம். அன்று பதினோரு லாரி நம்பரை நிறுத்தாமல் சொன்னேன். ஐயா பீடியைத் தேடினார். அவரிடம் அதுவே பாராட்டு.

அந்தத் திமிரில்தான் கொல்லிமலையில் மாட்டினேன்.

டிசம்பர் மாதம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளும் சுற்றி, அறப்பளீசுவரர் கோயிலில் கும்பிட்டு முடிக்க மதியம் இரண்டேகால். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இங்கே முதலில் இறக்கம், பிறகுதான் ஏற்றம். "போலாமா வேணாமா, நீயே சொல்லு" என்றார் ஐயா.

வெயிலை அளக்க அவர் கற்றுத்தந்திருந்தார். கையை நீட்டி, சூரியனுக்கும் அது மறையும் விளிம்புக்கும் நடுவே விரல்களைப் படுக்கையாக அடுக்க வேண்டும். ஒரு விரல் கால் மணி நேரம், நாலு விரல் ஒரு மணி. மூன்று கைக்கு மேல் வந்தது. "தாராளமா போலாங்கய்யா." அவர் ஒன்றும் சொல்லவில்லை. தன் பையை ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

நான் அளந்தது மேட்டில் நின்று. அருவியோ பள்ளத்தாக்கின் அடியில். நாலு மணிக்கே சரிவின் நிழல் எங்கள்மேல் விழுந்துவிட்டது. நனைந்த சட்டையோடு ஏறத் தொடங்கினேன். இருநூறு படிக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீரை இறங்கும்போதே குடித்துத் தீர்த்திருந்தேன். ஒரு லாரி நம்பர்கூட முழுதாக வரவில்லை. ஐந்தரைக்கு மரத்தடியில் படிக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. செல்போனில் ஒன்பது சதவீதம் சார்ஜ். கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஐயா டார்ச்சை எடுத்தார். இரண்டாவது பாட்டிலையும், வெல்லமும் உப்பும் கலந்த தண்ணீரையும் எடுத்தார்.

"இறங்குறது கடன். ஏறுறதுதான் வட்டியும் அசலும். கணக்கு எழுதுறவன் நீ, உனக்குத் தெரியணுமல்ல?"

மேலே வந்து சேரும்போது மணி ஆறரை தாண்டியிருந்தது. பஸ்ஸில் இருவரும் பேசவில்லை. எனக்கு அழுகை முட்டியது என்பதை இப்போது எழுதலாம்.

மலையில் நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு கணக்குப் போட்டாராம். சமநிலத்தில் மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடி உயரத்துக்கும் இன்னொரு மணி. பிற்பாடு படித்து ஐயாவிடம் சொன்னேன். "அந்த ஊர்ல வெயில் இருக்காது" என்று முடித்துவிட்டார்.

இப்போது புறப்படும் முன் வீட்டில் ஒரு சீட்டு எழுதி வைக்கிறேன்: எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குத் திரும்புவேன். தண்ணீர் மூன்று லிட்டர், டார்ச், விசில். பாதித் தண்ணீர் தீர்ந்தால் எங்கே நின்றாலும் திரும்ப வேண்டும். மாசி, பங்குனியில் புல் காய்ந்த சரிவுப் பக்கமே போவதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. காட்டுக்குள் போக வேண்டுமென்றால் வனத்துறை அனுமதியோடும் வழிகாட்டியோடும்தான். 2024 அக்டோபரிலிருந்து அதற்கான பாதைகளை வனத்துறையே ஆன்லைனில் பதிவு செய்து தருகிறது. எனக்கு இன்னும் கோயில் படிகளே போதும்.

போன மாதம் அக்கா பையனை நைனாமலைக்குக் கூட்டிப்போனேன். சேந்தமங்கலம் பக்கம், புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாளைப் பார்க்கக் கூட்டம் அலைமோதும் மலை. மற்ற நாட்களில் ஆள் இருக்காது, நிழலும் இருக்காது. முட்டி வலி என்று ஐயா அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கோயில் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் பையனின் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். பாதிக்கும் கீழே. பாறை அதற்குள் தோசைக்கல்லாகியிருந்தது.

"மாமா, இதோ தெரியுதே!"

"தெரியுது. வா, இறங்கலாம்."

முட்டியை இளக்கி, குட்டி எட்டாக, பாதத்தைச் சற்றே பக்கவாட்டில் வைத்து இறங்கச் சொன்னேன். அவன் முனகிக்கொண்டே வந்தான்.

நாங்கள் சீக்கிரமே வருவதைப் பார்த்த ஐயா கைக்கடிகாரத்தைத் திருப்பினார். மேலே போனீர்களா என்று கேட்கவில்லை. துண்டை உதறி, பக்கத்தில் பையனுக்கு இடம் விட்டார். அவன் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து, ஷூவைக் கழற்றி, விரல் நகங்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"யாரு வெட்டிவிட்டது?"

"மாமாதாங்க."

ஐயா சட்டைப் பையில் பீடியைத் தேடினார்.