உள்ளேன் அம்மா

மும்பையில் பள்ளிகள் ஜூன் மாத நடுவில் திறக்கும். பருவமழை தொடங்குவதும் ஏறத்தாழ அந்நாளில்தான். அத்தகைய ஒரு மழைநாள் காலையில், தேவாலயத்தை ஒட்டி நின்ற ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பில் ஒரு சிறுமி சேர்ந்தாள். அவளுடைய தந்தை, திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து பிழைப்புத் தேடி அந்நகருக்கு வந்தவர். அதுவரை ஊரில் பாட்டியிடம் வளர்ந்த சிறுமி, தாயுடன் இரயிலில் வந்து இறங்கி இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. அவளுக்குத் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே.

வகுப்பறையின் முன்சுவரில் சிலுவையும், அதன்கீழ் மாதாவின் படமும் இருந்தன. பக்கச் சுவரில் ஆங்கில எழுத்துகளும் எண்களும் தீட்டிய அட்டைகள் தொங்கின. மணி அடித்ததும் காலை வழிபாடு தொடங்கியது. கத்தோலிக்கப் பிள்ளைகள் நெற்றியிலும் மார்பிலும் தோள்களிலும் கைவைத்துச் சிலுவை அடையாளம் வரைந்தனர். மற்றப் பிள்ளைகள் கைகூப்பி நின்றனர். சிறுமி, பாட்டியின் குத்துவிளக்கின் முன் எப்படி நிற்பாளோ அப்படியே கண்மூடி நின்றாள். அங்கே யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அதனால் அவளுக்கு அச்சமும் தோன்றவில்லை.

அச்சம் வருகைப்பதிவின்போது வந்தது. ஆசிரியை ஒவ்வொரு பெயராக அழைத்தார். பிள்ளைகள் எழுந்து, “பிரசன்ட் மிஸ்” என்றனர். சிறுமியின் பெயர் வந்தபோது அவள் எழுந்து நின்று, ஊரில் தன் அண்ணன் கற்றுக்கொடுத்தபடி, “உள்ளேன் அம்மா” என்று உரக்கச் சொன்னாள். ஒரு கணம் வகுப்பு அமைதியாயிற்று. பிறகு நாற்பது பிள்ளைகளும் சிரித்தனர். அவர்கள் கெட்ட பிள்ளைகள் அல்லர். கேட்டறியாத ஒலி ஒன்று காதில் விழுந்ததால் சிரித்தார்கள். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அந்த வேறுபாடு விளங்காது. அன்று உட்கார்ந்தவள், பிறகு பல வாரங்கள் வகுப்பில் வாய் திறக்கவில்லை. பெயர் அழைக்கப்படும்போது கையை மட்டும் உயர்த்தினாள்.

முதல் வகுப்பின் வேலைகள் பார்வைக்கு எளியவை. நான்கு கோட்டு ஏட்டில் நிற்கும் கோடு, படுக்கும் கோடு, சாய்ந்த கோடு என்று எழுதிப் பழக வேண்டும். கைகளை அசைத்துப் பாட்டுப் பாட வேண்டும். படத்தைக் காட்டினால் அதன் பெயரைச் சொல்ல வேண்டும். கோடுகளைச் சிறுமி அழகாக எழுதினாள். பாடும்போது கைகளை அசைத்தாள், உதடுகள் அசையவில்லை. படத்தில் இருப்பது யானை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சொல்லைச் சொன்னால் மீண்டும் சிரிப்பார்களே!

வாரத்தில் சில நாள்கள் ஒரு பாடவேளைக்கு வகுப்பு இரண்டாகப் பிரியும். கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு அடுத்த அறைக்குச் செல்வர். மற்றவர்கள் நன்னெறி வகுப்பில் அமர்வர். அரசு ஏற்பு பெற்ற பள்ளியில், பெற்றோரின் இசைவின்றி எந்தச் சிறுவரையும் சமயக் கல்வியில் பங்கேற்கச் செய்யலாகாது என்பது இந்திய அரசமைப்பின் 28ஆம் பிரிவு கூறும் நெறி. சமயத்தைப் பொறுத்தவரை ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய இடத்தைப் பள்ளி எண்ணி அமைத்திருந்தது. மொழியைப் பொறுத்தவரை அப்படி ஓர் இடத்தை அது எண்ணிப் பார்க்கவில்லை.

ஆகஸ்டு மாதத்தில் நாட்குறிப்பேட்டில் ஒரு வரி வந்தது: பிள்ளை பாடத்தில் கவனம் செலுத்துவதில்லை; எண்களும் தெரியவில்லை. அண்டைவீட்டார் ஒருவர் அதைப் படித்துச் சொன்னபோது தாய் கலங்கினார். அன்று மாலையே சிறுமி தாயிடம் ஒன்று கேட்டாள். “அம்மா, நாளைக்குப் பள்ளிவாசலில் என்னோடு தமிழில் பேசாதே.” தாய் மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் முதல் வாசலில் இருவரும் பேசாமலே கைகோத்து நடந்தனர்.

ஒருநாள் கணக்குப் பாடத்திற்காக ஆசிரியை புளியங்கொட்டைகளைக் கொண்டுவந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பிடி கொடுத்தார். எண்ணி, பத்துப் பத்தாகக் குவிக்கச் சொன்னார். மேசைகளுக்கு இடையே நடந்து வந்தவர் சிறுமியின் அருகில் நின்றார். அவள்முன் மூன்று குவியல்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்து. நான்காம் குவியலுக்காக அவள் விரல் கொட்டைகளைத் தள்ளிக்கொண்டிருந்தது. உதடுகள் ஓசையின்றி அசைந்தன. ஆசிரியை குனிந்து காதுகொடுத்தார். “நாலு… ஐந்து… ஆறு… ஏழு…”

ஆசிரியை சிறிது நேரம் அசையாமல் நின்றார். கோவாவிலிருந்து வந்த குடும்பத்தில் கொங்கணி பேசி வளர்ந்தவர் அவர். பிள்ளைக்குக் கணக்குத் தெரியும். தெரியாதது பள்ளியின் மொழி மட்டுமே. நாட்குறிப்பேட்டில் தாம் எழுதிய வரி தவறு என்பதை அவர் அப்போது உணர்ந்தார்.

அவர் சிறுமியைத் தனியாக எழுப்பிப் பேசச் சொல்லவில்லை. கரும்பலகையில் 1 முதல் 10 வரை எழுதி, “வீட்டில் இவற்றை எப்படிச் சொல்வீர்கள்? நான் தொடங்குகிறேன்” என்று தம் கொங்கணியில் எண்ணினார். பிள்ளைகள் வியந்தனர். பிறகு ஒருவன் மராத்தியில் எண்ணினான். ஒருத்தி இந்தியில் எண்ணினாள். ஏழுக்கு இம்மூன்று மொழிகளிலும் ‘சாத்’ என்றே வந்தது. முறை சிறுமிக்கு வந்தது. அவள் எழுந்தாள். மெல்லிய குரலில் தொடங்கி, பத்து வரை நிறுத்தாமல் சொல்லி முடித்தாள்.

“ஏழாம் எண்ணை இன்னொரு முறை சொல்” என்றார் ஆசிரியை.

“ஏழு.”

ஆசிரியை சொல்லிப் பார்த்தார். ‘ஏலு’ என்று வந்தது. வகுப்பு முழுவதும் முயன்றது. ஒருவருக்கும் நாக்கு வளையவில்லை. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மலையாளச் சிறுவன், “எங்கள் வீட்டிலும் ஏழுதான்!” என்று ழகரம் தெளிய ஒலித்துக் காட்டினான். சிறுமி திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்தாள். வகுப்பில் அவள் சிரித்தது அதுவே முதன்முறை.

அதன்பின் அவ்வகுப்பில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. வெள்ளிக்கிழமைகளில் வருகைப்பதிவுக்கு ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு மொழியில் விடை சொல்லலாம். “ஹஜர்” என்றது ஒரு குரல். “உபஸ்தித்” என்றது மற்றொன்று. “உள்ளேன் அம்மா” என்று சிறுமி சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் அவள் ஆங்கிலத்தில் பாடவும் இந்தியில் சண்டையிடவும் கற்றுக்கொண்டாள். பள்ளிவாசலில் நின்ற தாயை, “அம்மா!” என்று தெருவே கேட்கும்படி மீண்டும் அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் தட்டில் அரிசியைப் பரப்பித் தமிழ் எழுத்துகளைக் கற்பித்தார். எகரத்திற்குக் காலிட்டால் ஏகாரம். ஒகரத்தின் அடியைச் சுழித்தால் ஓகாரம். பழங்காலத்தில் குறில்களான எ, ஒ ஆகியவற்றின்மேல் புள்ளியிட்டு வேறுபடுத்தினர். இன்றுள்ள வடிவங்களைத் தந்தவராகப் போற்றப்படுபவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த அவர் ஒரு கத்தோலிக்கத் துறவி. முப்பது வயதளவில் தமிழகம் வந்து, நம் மொழியை முதல் எழுத்திலிருந்து கற்று, சதுரகராதி என்னும் அகராதியைத் தொகுத்தார். ஒரு காலத்தில் அவரும் புதிய மொழியின் முதல் வகுப்பில் அமர்ந்தவரே. அவர் உச்சரிப்பைக் கேட்டும் சிலர் சிரித்திருக்கக்கூடும்.

தன் மொழியை விட்டுவிட்டுத்தான் பிறமொழியைக் கற்க வேண்டும் என்பதில்லை. பத்து வரை எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு, அதே பத்தை இன்னொரு மொழியில் எண்ணுவது எளிது. அதற்கு முன், அவள் எண்ணுவதை ஒருவர் குனிந்து கேட்க வேண்டும்.

சிந்தித்து எழுதுக

1. சிறுமி தாயிடம் தமிழில் பேச வேண்டாம் என்று கேட்டது ஏன்?
2. நாட்குறிப்பேட்டில் எழுதிய வரி தவறு என்பதை ஆசிரியை எவ்வாறு உணர்ந்தார்?
3. உங்கள் வகுப்புத் தோழர்களின் வீட்டு மொழிகளில் ‘ஏழு’ என்பதை எவ்வாறு சொல்வர்? கேட்டு எழுதுக.