போர்ட் பெரி வரை ஒரு கயாக்

மே மாதம் பிறந்தால் போதும், எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் யாராவது ஒருவர் கேட்பார்: "மீன்பிடிக் கயாக் ஒண்டு வாங்கலாம் எண்டு இருக்கிறன், எது நல்லது?" எத்தனை அடி, துடுப்பா மிதியா, எந்த நிறமென்று பதில்கள் வந்து குவியும். அதை எங்கே வைக்கப் போகிறீர்கள், எப்படிக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்று மட்டும் ஒருவரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள். ஆனால் ஒரு கயாக் ஏரியில் இருக்கிற நேரம் மிகக் கொஞ்சம். மற்ற நேரமெல்லாம் அது கராஜிலோ வீதியிலோதான் இருக்கும். அந்த இரண்டையும் சரிக்கட்டாதவர்களின் கயாக் இரண்டாம் கோடையில் விற்பனைக்கு வந்துவிடும். நல்ல விலைக்கு வாங்க நினைப்பவர்கள் செப்டெம்பர் வரை பொறுத்திருங்கள்.

எங்களிடம் இருப்பவை இரண்டு. ஒன்று காலால் மிதித்து ஓட்டுகிற 12 அடி மீன்பிடிக் கயாக், 45 கிலோ. மற்றது மகளுடைய 8 அடிச் சின்னது, 15 கிலோ. சின்னதை ஒரு கையால் தூக்கலாம். பெரியதைக் காரின் கூரையில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும், அதுவும் தோளுக்கு மேலே தூக்கக்கூடிய இரண்டு பேர். எங்கள் வீட்டில் அந்த இரண்டாவது ஆள் அப்பா. அவருக்கு 69 வயது, வலது தோள் பாதிக்கு மேல் எழும்பாது. "நீங்கள் விடுங்கோ, பக்கத்து வீட்டுத் தம்பியைக் கூப்பிடுறன்" என்றால் முகம் மாறிவிடும். கையைக் கட்டிக்கொண்டு நிற்க அவருக்கு வராது. அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதானால் பிறகு எனக்கு எதற்குக் கயாக்?

ஆகவே ட்ரெய்லர். அதன் சட்டம் என் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். கயாக்கின் முன்மூக்கைத் தூக்கி அதில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து தள்ளினால் வழுக்கிக்கொண்டு ஏறிவிடும். தோளுக்கு வேலையே இல்லை. அப்பா முன்பக்கம் நின்று வழிகாட்டுவார், நான் தள்ளுவேன்.

ட்ரெய்லர் வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். முதலாவது, முன்னால் நீண்டு நிற்கும் தண்டு. அது குட்டையாக இருந்தால் கூர்மையான திருப்பத்தில் கயாக்கின் மூக்கு காரின் பின்கதவில் இடிக்கும். இரண்டாவது, சில்லு. 8 அங்குலச் சில்லு விலை குறைவு, பார்க்கவும் வடிவு. ஆனால் கார் சில்லு ஒரு முறை சுற்றும் நேரத்தில் அது ஒன்றரை முறைக்கு மேல் சுற்ற வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரு மணித்தியாலம் அப்படிச் சுற்றினால் பேரிங் சூடாகும். 12 அங்குலம் எடுங்கள். மூன்றாவது வில். 400, 500 கிலோவுக்கென்று செய்த ட்ரெய்லரில் 60 கிலோவை ஏற்றினால் வில் மடங்காது, ஒவ்வொரு குழிக்கும் ட்ரெய்லர் துள்ளும், அந்த அடியெல்லாம் கயாக்கின் வயிற்றுக்குத்தான் போகும். கயாக்குக்கென்றே செய்தவற்றில் வில் மென்மையாக இருக்கும். இலக்கத்தகடு ஒன்ராறியோவில் ஒரே தடவை எடுத்தால் போதும், ஆண்டுதோறும் புதுப்பிக்கத் தேவையில்லை.

பாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொக்கியில் அழுந்தும் எடை, ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்த மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும் என்பது பொது விதி. எங்கள் மொத்தம் 150 கிலோ, எனவே 15 முதல் 22 கிலோ. நான் குளியலறைத் தராசைக் கொண்டுவந்து தண்டின் நுனிக்குக் கீழே ஒரு கட்டையோடு வைத்து, கயாக்கை முன்னும் பின்னும் நகர்த்தி அளந்துகொண்டிருந்தேன். அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "என்ன, முன்பாரம் பாக்கிறியோ?" என்றார்.

அதேதான். மாட்டுவண்டியில் பின்பாரம் ஏறினால் நுகம் மாட்டின் கழுத்தை விட்டு மேலே எழும்பும், முன்பாரம் கூடினால் மாடு இழுக்கமாட்டாமல் திணறும். காருக்கும் அதே கணக்கு. பின்பாரமான ட்ரெய்லர் வேகம் கூடக்கூட வாலாட்டத் தொடங்கும், பிறகு அதை நிறுத்துவது பெரும்பாடு. முதுகலைப் பட்டம் வரை ஆங்கிலத்தில் படித்த எனக்கு இந்த விசைக்கு ஒரு தமிழ்ச் சொல் இருப்பது அன்றுதான் தெரியும். என் மகளுக்கு இப்போது முன்பாரம், பின்பாரம் இரண்டும் தெரியும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் இதைக் கேட்டால் ஆசிரியருக்கே யோசனையாக இருக்கும்.

கட்டுவதற்கு ராட்செட் பட்டி வேண்டாம். அதன் பலம் பாரமான சாமானுக்கு. கயாக் பொலிஎதிலீன் பிளாஸ்டிக். வெயிலில் சூடேறி இளகியிருக்கும்போது அப்படி இறுக்கினால் அடி குழிந்துவிடும். கையால் இழுத்து இறுக்கும் சாதாரண பக்கிள் பட்டி இரண்டு, முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கயிறு, அவ்வளவுதான். பட்டியை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுங்கள். தட்டையாக விட்டால் காற்றில் வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுத் தலையிடி தரும். பட்டியில் அப்பாவுக்கு நம்பிக்கையில்லை. மூக்குக் கயிற்றை அவரேதான் கட்டுவார். அந்த முடிச்சுக்கு என்ன பெயரென்று கேட்டால் "முடிச்சுத்தான்" என்பார். இதுவரை அது தானாக அவிழ்ந்ததில்லை, இழுத்தால் ஒரே இழுவையில் கழன்று வந்துவிடும். கயாக்கின் வால் ட்ரெய்லருக்குப் பின்னால் 1.5 மீட்டர் அல்லது அதற்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புக் கொடி கட்ட வேண்டும், இரவில் சிவப்பு விளக்கு. எங்களுடையது அவ்வளவு நீட்டாது, ஆனாலும் மகள் ஒரு சிவப்புத் துணி கட்டியிருக்கிறாள்.

ஸ்காபரோவிலிருந்து போர்ட் பெரிக்கு 401-இல் கிழக்கே போய், 412-இல் ஏறி, பிறகு 7-ஆம் 12-ஆம் நெடுஞ்சாலைகள் ஒன்றாக ஓடும் வீதியில் வடக்கே போக வேண்டும். 412-இல் 2022-இலிருந்து கட்டணம் இல்லை. ட்ரெய்லரோடு நான் 90-ஐத் தாண்டுவதில்லை. வலது ஒழுங்கையில் பார லொறிகளுக்கு நடுவில் போகும்போது முதலில் பொறுமை போய்விடும், பிறகு பழகிவிடும். பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களைப் பற்றி அப்பாவின் கருத்தை இங்கே எழுத முடியாது.

புரூக்ளினில் நான் எப்போதும் ஒருமுறை நிறுத்துவேன். இறங்கிப் போய்ச் சில்லின் நடுக்குடத்தைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடென்றால் பயணம் அங்கேயே முடிந்தது. பட்டிகளையும் அங்கே மறுபடி இறுக்குவேன், முதல் அரை மணித்தியாலத்தில்தான் அவை தளரும். மிர்ட்டிலைத் தாண்டினால் வீதி மேடேறத் தொடங்கும். அதுதான் ஓக் ரிட்ஜஸ் மொரெய்ன், பனிப்பாறைகள் விட்டுச்சென்ற மணலும் பரலும் சேர்ந்த நீண்ட மேடு. இந்தப் பக்கம் விழும் மழை தெற்கே ஒன்ராறியோ ஏரிக்குப் போகும், அந்தப் பக்கம் விழுவது வடக்கே ஸ்கூகொக் பக்கம் போகும். ஏற்றத்தில் கார் முக்கும், உச்சியில் ட்ரெய்லர் ஒரு கணம் இலேசாகும், இறக்கத்தில் பின்னாலிருந்து மெல்லத் தள்ளும். வெறுங்காரில் போனபோது இப்படி ஒரு மேடு இருப்பதே எனக்குத் தெரியாது. மான்செஸ்டரில் வலப்பக்கம் திரும்பி 7ஏ பிடித்தால் சில நிமிடங்களில் போர்ட் பெரி.

குவீன் வீதியின் பழைய செங்கல் கடைகளைத் தாண்டினால் நேரே பாமர் பூங்கா, அதற்கப்பால் ஏரி. படகு இறக்கும் சரிவில் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுப்பதுதான் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும் இடம். பெரிய படகுக்காரர் நான்கு பேர் வரிசையில் காத்திருப்பார்கள். ட்ரெய்லர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு வேகமாக அது மடங்கும். கயாக் ட்ரெய்லர் ஒல்லியும்கூட, கண்ணாடியில் தெரியவே தெரியாது, தெரியும்போது அது ஏற்கனவே கோணிப்போயிருக்கும். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். ட்ரெய்லரின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். ஞாயிறு விடியற்காலையில் ஆளில்லாத பிளாசாத் தரிப்பிடத்தில் ஒரு மணித்தியாலம் பழகினால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். ஆனால் உண்மையைச் சொன்னால், கயாக்குக்குச் சரிவே தேவையில்லை. ஓரமாக நிறுத்தி, இருவர் தூக்கிப் புல்லில் இறக்கி, கரையிலிருந்தே தள்ளலாம். வரிசையில் நிற்பவர்களும் வாழ்த்துவார்கள்.

மீன்பிடி அனுமதி எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் வாங்க வேண்டியிருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்த, 65-ஐத் தாண்டிய கனடா வாசிகளுக்கு வயதைக் காட்டும் அரச அடையாள அட்டை போதும். லைஃப் ஜாக்கெட், விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு வாளி, இவை எல்லோருக்கும் உண்டு. ஸ்கூகொக் ஆழமில்லாத ஏரி, சராசரி ஒன்றரை மீட்டர்கூட இல்லை. 1830-களில் லிண்ட்ஸேயில் ஆலைக்காக ஆற்றுக்கு அணை கட்டியபோது தண்ணீர் பரவிச் சதுப்பெல்லாம் ஏரியானது. ஆழமில்லை என்று இளக்காரம் வேண்டாம், ஆழமில்லாத ஏரியில் காற்றடித்தால் அலை சட்டென்று எழும். நான் காரை நிறுத்திவிட்டு வருவதற்குள் அப்பா பெரிய கயாக்கில் ஏறி மிதித்துக்கொண்டு போய்விடுவார், மகள் சின்னதில் பக்கத்திலேயே. அவர் துடுப்பைச் சவள் என்பார். இப்போது அவளும் சவள் என்கிறாள்.

முதல் முறை போனபோது அப்பா கரையிலிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு விளக்கம் கேட்டார். இங்கே வாலாய் என்ற மீனைப் பிடிக்க 2016-இலிருந்து தடை. அதன் தொகை அவ்வளவு குறைந்துவிட்டது. பேர்ச், புளூகில், காலம் வந்தால் பாஸ், இவற்றைப் பிடிக்கலாம். "மீன் பெருகட்டும் எண்டு பூட்டி வைச்சிருக்கிறாங்கள், என்ன?" என்று இரண்டு தரம் கேட்டார். அப்பா மயிலிட்டியில் பிறந்தவர். 1990-இல் ஊரோடு எழும்பியபோது வள்ளத்தைக் கரையில் விட்டுவிட்டு வந்தவர். அந்தத் துறைமுகத்தை மக்களுக்குத் திருப்பிக் கொடுத்தது 2017-இல். அதற்குள் அவர் கனடாவில் இருபது வருடத்துக்கு மேல் தொழிற்சாலை வேலை செய்து ஓய்வும் பெற்றிருந்தார். மூடிய தண்ணீர் என்றால் அவருக்குத் தெரிந்தது முள்வேலி போட்டு மூடுவது. மீனுக்காக மூடுவது புதுச் செய்தி. அன்று பிடித்த இரண்டு பேர்ச்சையும் அவர் திரும்ப விட்டுவிட்டார், வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியும்.

கரைக்கு வந்ததும் ஒரு வேலை. அடியில் சுற்றிய பாசியெல்லாம் பிடுங்கி, தக்கையைக் கழற்றித் தண்ணீரை வடித்துவிட வேண்டும், ட்ரெய்லர் அச்சில் சிக்கியதையும்தான். 2022-இலிருந்து ஒன்ராறியோவில் இது சட்டம். ஸ்கூகொக்கில் ஸீப்ரா மட்டியும் வெளியிலிருந்து வந்த பாசிகளும் இருக்கின்றன. உங்கள் கயாக்கில் தொற்றிக்கொண்டு அவை அடுத்த ஏரிக்குப் போகக்கூடாது.

இனி வீடு. எங்கள் வரிசை வீட்டுத் தொகுதியின் நிர்வாகத்திலிருந்து ஜூலையில் ஒரு கடிதம் வந்தது. வீட்டு முற்றத்தில் ட்ரெய்லர் நிறுத்தக்கூடாதாம், பத்து நாளில் எடுக்க வேண்டுமாம். பக்கத்தில் ஓராண்டாக ஓடாமல் நிற்கும் காருக்கு ஒன்றும் இல்லை. விதி தொகுதிக்குத் தொகுதி, நகரத்துக்கு நகரம் மாறும், வாங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள். வாடகைக்கு வெளியே ஓர் இடம் பிடிக்கலாம்தான். ஆனால் முக்கால் மணித்தியாலம் தள்ளியிருக்கும் கயாக்கை எடுக்கச் சனிக்கிழமை காலையில் எந்தப் பிள்ளையும் எழும்பாது.

ஒற்றைக் கராஜின் நீளம் 20 அடி. எங்கள் ட்ரெய்லரின் தண்டு பிணைச்சலில் மடியும், மடித்தால் 13 அடிக்குள் அடங்கும். கோடை முழுக்க இரண்டு கயாக்கும் ட்ரெய்லரிலேயே கராஜுக்குள், கார் வெளியே. வெயில் படாததால் பிளாஸ்டிக்கும் கெடாது. நிற்கும்போது பட்டியைத் தளர்த்தி விடுங்கள். மாதக்கணக்கில் இறுக்கிவிட்டால் அந்தத் தழும்பு போகாது. நவம்பரில் நிலைமை தலைகீழ். பனியில் காரைச் சுரண்டுவது யார் என்ற கேள்வியை மனைவி ஒருமுறைதான் கேட்டார். கயாக் கூரைக்குப் போயிற்று.

இருக்கையையும் மிதியையும் கழற்றினால் எடை குறையும். கவிழ்த்து, இரண்டு அகலப் பட்டிகளில், இரு முனைகளிலிருந்தும் நீளத்தில் கால்வாசி உள்ளே தாங்கித் தொங்கவிட வேண்டும். கைபிடியில் கட்டித் தொங்கவிட்டால் நடு தொய்ந்து வாழைப்பழம் மாதிரி வளையும். கூரைச் சட்டத்தில் நான்கு கப்பி பூட்டியது அப்பாவின் யோசனை. ஒற்றைக் கப்பியில் இழுத்தால் முழு எடையும் கைக்கு வரும், இரட்டைக் கப்பியில் பாதி. இடது கையால் அவரே இழுத்து ஏற்றினார், நான் கயாக் ஆடாமல் பிடித்துக்கொண்டேன். ட்ரெய்லரை வெறுமையாக்கிச் சுவரோடு நிமிர்த்திச் சங்கிலியால் பிணைத்திருக்கிறோம். பனிக்காலத்தில் அதை வெளியே எடுப்பதில்லை, வீதி உப்பு மின்கம்பி முனைகளைத் தின்றுவிடும்.

ஜனவரியில் காரை எடுக்கப் போகும்போதெல்லாம் அப்பா தலையை அண்ணாந்து கயிற்றை ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பார். ஏப்ரலில் இறக்கியதும் முதல் வேலை பேரிங்குக்குக் கிரீஸ். டப்பா ஏற்கனவே வாங்கி வைத்திருக்கிறார்.