காரணம் இல்லாமல் கடலுக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு இப்போது கடல் இல்லை. 2019 நவம்பரில் மாவட்டத்தைப் பிரித்தபோது கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம், கடப்பாக்கம் என்று கரை முழுவதும் செங்கல்பட்டோடு போய்விட்டது. உத்திரமேரூர்ப் பெண்களில் பெரும்பாலோருக்கு இதனால் எதுவும் குறைந்துவிடவில்லை. பஸ் ஏறினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் போய்விடக்கூடிய தூரத்தில் கடல் எப்போதும் இருந்தது. ஆனால் அங்கே போக ஒரு காரணம் வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் ஒரு பெண் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப ஒப்புக்கொள்ளப்பட்ட காரணங்கள் உண்டு. கல்யாணம், சாவு, காதுகுத்து, பிரசவம், ஆஸ்பத்திரி. பிறகு சாமி. திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகலாம். சிவப்புப் புடவை கட்டி இருமுடி எடுத்து மேல்மருவத்தூருக்குப் போகலாம். மாதவிலக்கு நாள் என்று ஒதுக்காமல், கருவறை வரை பெண்களை விட்ட கோயில் அது. எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டமாக, ஆண் துணை இல்லாமல், பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் தாண்டிப் போகப் பழகியது அந்தச் சிவப்புப் புடவையால்தான் என்று நான் நம்புகிறேன். அதில் பக்தி இருந்தது. பக்திக்குள் மடித்து வைத்த ஒரு நாள் ஓய்வும் இருந்தது. ஓய்வு என்று வெளியே சொல்ல முடியாததால் விரதம் என்று சொன்னார்கள்.

என் அம்மாவுக்கு அறுபத்தொரு வயது. அதுவரை கடலை மூன்று முறை பார்த்திருந்தார். முதல் முறை தாத்தாவின் அஸ்தியைக் கரைக்க. ஆண்கள் தண்ணீரில் இறங்கினார்கள். அம்மா கரையில் நின்று அவர்களுடைய சட்டைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டார். இரண்டாவது, என் பள்ளியிலிருந்து மாமல்லபுரம் சுற்றுலா போனபோது துணைக்கு. அன்று முழுக்கப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்தார். மூன்றாவது ஒரு மாசி மகம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, பதினெட்டுப் பேருக்குப் புளிசோறு கட்டிக்கொண்டு போனார். மூன்று முறையும் கடல் எதிரில் இருந்தது, கையில் வேலையும் இருந்தது.

ஆகவே போன தை மாதம் பொங்கல் முடிந்த கையோடு, அம்மாவும் அத்தையும் நானும் மூன்று நாள் சதுரங்கப்பட்டினத்தில் போய்த் தங்கியபோது எந்தக் காரணமும் சொல்லக்கூடாது என்று பேசிக்கொண்டோம். “எதுக்குப் போறீங்க?” என்று தெருவில் கேட்டார்கள். “சும்மா” என்றார் அம்மா. “சும்மான்னா?” என்றார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. பதில் இல்லாமல் இருப்பதற்காகத்தான் போனோம்.

பணம் அம்மா கட்டிய சீட்டிலிருந்து வந்தது. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கல்யாணத்துக்கும் கடன் கொடுக்கும் குழுவில், ஓய்வெடுக்க என்று கேட்டால் சிரிப்பார்கள். பயணச் செலவு அதிகமில்லை. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வெளியூர்ப் பேருந்துகளுக்கு அது பொருந்தாது என்பதால், செங்கல்பட்டு போய் அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போக டிக்கெட் எடுத்தோம். ஆனாலும் அந்த இலவசப் பேருந்துக்கு இதில் பங்கு உண்டு. பஸ்ஸுக்குக் காசு கேட்டால்தானே எங்கே என்று சொல்ல வேண்டும்? இந்த நான்கைந்து வருடங்களில் அம்மா பக்கத்து ஊர் சந்தைக்கும் தங்கை வீட்டுக்கும் கேட்காமலே போய்வரப் பழகியிருந்தார். அந்தப் பழக்கம்தான் எங்களைக் கடல்வரை கொண்டுபோனது.

சதுரங்கப்பட்டினத்தைச் சட்ராஸ் என்றும் சொல்வார்கள். டச்சுக்காரர்கள் பதினேழாம் நூற்றாண்டில் இங்கிருந்து மஸ்லின் துணியைக் கப்பலேற்றினார்கள். அவர்களுடைய கோட்டையின் செங்கல் சுவர்களும், எழுத்துச் செதுக்கிய கல்லறைகளும் இன்றும் கடலைப் பார்த்தபடி இருக்கின்றன. கொஞ்ச தூரத்தில் கல்பாக்கம் அணுமின் நிலையம். இரண்டுக்கும் நடுவில் மீனவர் குப்பம், ஃபைபர் படகுகள், வலைகள், ஒரு சின்னக் கோயில். குப்பத்தை ஒட்டிய தெருவில் மீன் விற்கும் ஓர் அக்காவின் மாடி அறையை வாடகைக்கு எடுத்தோம். அவர் முதலில் கேட்டது, “ஆம்பள யாரும் வரலியா?”. கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது பைக்கில் வந்த இரண்டு இளைஞர்களும், பிறகு சுண்டல் விற்ற பெரியவரும் அதையே வேறு வேறு விதமாகக் கேட்டார்கள். இளைஞர்கள் கேட்டதில் வேவு இருந்தது, பெரியவர் கேட்டதில் அக்கறை இருந்தது. இரண்டுக்கும் அடியில் இருந்த எண்ணம் ஒன்றுதான்: ஒரு பெண் வெளியே சும்மா உட்கார்ந்திருக்க முடியாது, யாரையாவது எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மும்பையைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்’ என்ற ஆங்கில நூல் இதைத்தான் பேசுகிறது. பொது இடத்தில் இருக்கும் பெண் தனக்கு அங்கே ஏதோ வேலை இருப்பதாகக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேலையில்லாமல் சுற்றித்திரியும் உரிமையே பெண்கள் கேட்க வேண்டிய உரிமை என்கிறார்கள் அவர்கள். அதைப் படித்தபோது மாநகரத்துப் பிரச்சினையாகத் தோன்றியது. சட்ராஸ் மணலில் உட்கார்ந்தபோது அது எங்கள் தெருவின் பிரச்சினையாகவும் தெரிந்தது.

முதல் நாள் அம்மாவால் சும்மா இருக்க முடியவில்லை. கைகள் தாமாக எதையோ தேடின. மணலில் கிடந்த பிளாஸ்டிக் பைகளைப் பொறுக்கிக் குவித்தார். வீட்டுக்கார அக்கா வாங்கிவந்த கீரையைப் பிடுங்கி ஆய்ந்தார். அத்தை எங்கள் மூவரின் துணிகளையும் இரண்டு தடவை மடித்தார். ஓய்வு என்பது வேலையை நிறுத்தினால் தானாக வருவதில்லை. நாற்பது வருடம் அடுத்தவர் பசியின் நேரத்துக்கு ஓடிய உடம்புக்கு, தன் பசியின் நேரம் எதுவென்று தெரிவதற்கே ஒரு நாள் ஆனது. மூன்று வேளையும் வெளியே சாப்பிடுவது என்பது மட்டும் நான் வைத்த சட்டம். இரண்டாம் நாள் மதியம், மீன்குழம்பும் சோறும் தின்றுவிட்டு, மூன்று மணிக்கு அம்மா மாடியில் பாயில் படுத்துத் தூங்கினார். காய்ச்சல் இல்லாமல் அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எழுந்ததும் பதறிப்போய் மணி கேட்டார். ஐந்தரை என்றேன். “யாரும் எழுப்பலியே” என்றார். குறையாகச் சொன்னாரா, வியப்பாகச் சொன்னாரா என்று சொல்வது கடினம்.

இதை ஒரு வீட்டுக் கதையாக மட்டும் பார்க்க முடியாது. மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுவதும் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். அந்த 299 நிமிடத்துக்கு ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது. பண்டிகையில் அது கூடத்தான் செய்யும்.

உத்திரமேரூர் என்றதும் எல்லோரும் சொல்வது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை. பத்தாம் நூற்றாண்டிலேயே தேர்தல் நடந்த ஊர் என்று எங்களுக்குப் பெருமை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று ஊர் வேலையைப் பிரித்து, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள், நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் உள்ளவர்களின் பெயர்களைக் குடத்தில் போட்டு எடுத்தார்கள். அதில் பெண்கள் எங்கே வருகிறார்கள் என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். வருகிறார்கள். கணக்குக் காட்டாமல் போனவரின் உறவினரும் போட்டியிடக்கூடாது என்று சொல்லும் இடத்தில் தாயின் சகோதரிகள், தந்தையின் சகோதரி, மனைவி, உடன்பிறந்தாள் எல்லோரும் வருகிறார்கள். எந்த ஆண் எந்த ஆணுக்கு என்ன உறவு என்று அளக்கும் கோலாக மட்டும் வருகிறார்கள். அதே கல்வெட்டில் இன்னொன்றும் உண்டு. வாரியத்தின் பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். அது முடிந்தால் பொறுப்பும் முடிந்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டவருக்கு வேலை முடியும் நாள் ஒன்று இருந்தது. அந்த ஏரியிலிருந்து தண்ணீர் சுமந்தவளுக்கு அப்படி ஒரு நாளை எந்தக் கல்லிலும் யாரும் வெட்டவில்லை.

இவ்வளவையும் யோசித்தபடி நான் உட்கார்ந்திருந்த அதே மணல், வீட்டுக்கார அக்காவுக்கு வேலைத்தலம். காலை ஆறு மணிக்குப் படகுகள் கரையேறும்போது பெண்கள் அன்னக்கூடைகளோடு காத்திருப்பார்கள். ஏலம் நடக்கும். சங்கரா, நெத்திலி, காரப்பொடி, நண்டு எது வந்தாலும் விலை பேசி எடுத்து, ஐஸ் போட்டு, ஷேர் ஆட்டோவில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றுவிட்டுத் திரும்ப மதியமாகிவிடும். மிஞ்சியது கருவாடாகும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் பெருகட்டும் என்று கடலுக்கே விடுப்பு கொடுக்கும் நாள்கள் அவை. “அப்பவும் எனக்கு லீவு இல்லம்மா. சின்னப் படகு போவுது, நானும் போவணும். மீன் கம்மி, நடை ஜாஸ்தி” என்றார் அக்கா.

கரை பெண்களின் வேலையிடம் என்பதற்குச் சுனாமி ஒரு கொடிய சாட்சி. 2004 டிசம்பர் 26 அன்று அலை வந்தபோது பல ஊர்களில் ஆண்கள் கடலுக்குள் இருந்தார்கள்; பெண்கள் மீனுக்காகக் கரையில் நின்றார்கள். கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் ஆண்களைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஆக்ஸ்பாம் அமைப்பு 2005இல் எழுதியது. அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. இலவசப் பயணம் வந்த அதே 2021ஆம் ஆண்டு டிசம்பரில், குளச்சலில் மீன் விற்கும் ஒரு மூதாட்டியை நாற்றம் அடிக்கிறது என்று பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்தில் நின்று நியாயம் கேட்ட வீடியோவை நாடே பார்த்தது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். டிக்கெட் இல்லாவிட்டாலும் எல்லாப் பெண்ணுக்கும் பஸ்ஸில் ஒரே இடம் இல்லை.

ஆனால் கடலோரத்தில் ஓய்வெடுப்பது வசதியுள்ளவர்கள் கண்டுபிடித்ததும் அல்ல. ஒவ்வொரு மாசி மகத்துக்கும் இருளர் குடும்பங்கள் எங்கள் பக்கத்திலிருந்தும் திருவள்ளூர், விழுப்புரம் பக்கத்திலிருந்தும் மாமல்லபுரம் கரைக்கு வருகிறார்கள். புடவைகளைக் கட்டி மணலிலேயே குடில் போட்டு, இரவெல்லாம் இருந்து, விடியலில் கன்னியம்மனைக் கும்பிட்டு, பெண் பார்த்து, கல்யாணமும் செய்துகொண்டு போகிறார்கள். வருடம் முழுதும் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் விறகு வெட்டும் இடத்திலும் உழைக்கிறவர்கள், யாரிடமும் அறை கேட்காமல் கடலோரத்தில் தங்கும் நாள் அது. எங்கள் மாடி அறை அவர்களுக்குப் பின்னால் வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அக்கா வேலை முடித்து மாடிக்கு வந்தார். கோயிலுக்குப் பின்னால் நிழல் விழும் நேரத்தில் பெண்கள் கொஞ்சம் உட்கார்ந்து பேசுவார்களாம். வலை பின்னும் கூடம் ஆண்களுக்கு, பஞ்சாயத்து ஆண்களுக்கு, டீக்கடை பெஞ்சும் ஆண்களுக்கு. “கடலப் பார்த்தா எனக்கு வேலதான் ஞாபகம் வருது. நீங்க எப்பிடி இவ்ளோ நேரம் பாக்குறீங்க?” என்று கேட்டார். உனக்கு எங்கே போய் உட்காரப் பிடிக்கும் என்று அம்மா திருப்பிக் கேட்டார். அவர் யோசித்தார். அலை இல்லாத தண்ணீரைப் பார்க்க வேண்டும், உப்பு இல்லாத காற்று வேண்டும், தெரிந்தவர் யாரும் இருக்கக் கூடாது என்றார்.

எங்கள் ஊர் ஏரியைப் பற்றி அம்மா சொன்னார். பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம். மழை நன்றாகப் பெய்த வருடம் மார்கழி, தையில் தளும்பி நிற்கும். கரைமேல் உட்கார்ந்தால் எதிர்க்கரை தெரியாது. “வா, ரெண்டு நாள் இரு. நான் சமைச்சுப் போடறேன்” என்றார்.

அக்கா சிரித்தார். “நீ சமைச்சா நீ எப்பக்கா உக்காருவ? கடையில வாங்கிக்கலாம்.”