ஒரு முடிச்சு நாட்டுச் சர்க்கரை

புரட்டாசி பிறந்துவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் கறியும் மீனும் நின்றுவிட்டன. சனிக்கிழமை விரதம் இருப்பவர்களில் என் வயதுக்காரர்கள்தான் அதிகம். அவர்களில் சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களும் அதிகம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தபால் ஆபீஸ் வேலையில் இருக்கும்போதே எனக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. அன்று முதல் ஒரே பயம், ஏறிவிடக் கூடாது என்பதுதான். காபியில் சர்க்கரை கிடையாது. சேலத்தில் பிறந்தவன், மாம்பழத்தை ஒரு கீற்றோடு நிறுத்திக்கொண்டேன். சர்க்கரை இறங்கவும் செய்யும் என்று டாக்டர் சொல்லியிருப்பார். என் காதில்தான் ஏறவில்லை.

2019 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, சேந்தமங்கலம் பக்கத்தில் இருக்கும் நைனாமலை வரதராஜப் பெருமாளைப் பார்க்கக் கிளம்பினோம். செங்குத்தான மலை. படியேறித்தான் போக வேண்டியிருந்தது. விரதம் என்பதால் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. ஆனால் மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டேன். ‘சாப்பாட்டை விட்டாலும் மாத்திரையை விடக்கூடாது’ என்று பெருமையாக வேறு சொன்னேன்.

கொஞ்ச தூரம் ஏறியதும் எனக்குக் காரணமே இல்லாமல் கோபம் வந்தது. வீட்டம்மா தண்ணீர் பாட்டிலை நீட்டியதற்குச் சள்ளென்று விழுந்தேன். பிறகு கை நடுங்கியது. சட்டை தெப்பலாக நனைந்துவிட்டது. ஏறின வேர்வை என்று நினைத்தேன், ஆனால் உடம்பு ஜில்லென்று இருந்தது. எதிரில் இருப்பவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் நெல்லிக்காய் விற்றுக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து, அதிலிருந்த நாட்டுச் சர்க்கரையை அள்ளி என் வாயருகே கொண்டுவந்தார். என் மனைவி பதறிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஐயோ, வேண்டாங்க! அவருக்குச் சர்க்கரை வியாதி!”

“தெரியுது அம்மிணி. எனக்கும் அதேதான். அதுக்குத்தான் முடிஞ்சு வெச்சிருக்கறேன். கையை எடு.”

நல்லவேளை, அவள் கையை எடுத்தாள். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் தெளிந்தது. கீழே இறங்கி, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, வரும் வழியில் சோதித்துப் பார்த்தபோது 74 காட்டியது. இனிப்பும் பழமும் உள்ளே போன பிறகு 74 என்றால், படியில் உட்கார்ந்தபோது எவ்வளவு இருந்திருக்கும்? நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. மனைவி கையை எடுக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு அதைவிடக் கலக்குகிறது. அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இனிப்பு விஷம் என்று வீட்டில் படித்துப் படித்துச் சொன்னவன் நான்தானே.

மறுநாள் டாக்டர் விளக்கினார். நான் போடுவது கிளிமிபிரைடு. அது கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்லும். நாம் சாப்பிட்டோமா, விரதமா என்று அதற்குத் தெரியாது. சர்க்கரை 70-க்குக் கீழே போனால் உடனே 15 கிராம் இனிப்பு, அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. சரியான பிறகு சாப்பாடு. சாக்லேட்டும் முறுக்கும் அந்த நேரத்துக்கு உதவாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும். மாத்திரையில் வோக்லிபோஸ் சேர்ந்திருந்தால் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், அவர்களுக்குக் குளுக்கோஸ் பவுடர்தான் சரி. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிட வேண்டும்.

வயதானவர்களுக்கு நடுக்கமோ வேர்வையோ வராமலே கூட இறங்கிவிடுமாம். வெறும் குழப்பமாகவும் சிடுசிடுப்பாகவும் தெரியும். ‘கிழவனுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு’ என்று வீட்டில் விட்டுவிடுவார்கள்.

அதன் பிறகு என் சாப்பாடு தபால் பை மாதிரி நேரம் தவறாது. காலை எட்டு மணிக்கு இட்லி, கூடவே நாமக்கல் முட்டை ஒன்று. மாத்திரை அதோடுதான், முன்னால் அல்ல. பதினொரு மணிக்கு மோரும் ஒரு பிடி அவித்த நிலக்கடலையும். ஒரு மணிக்குச் சோறு, பாதித் தட்டு காயும் கீரையும். நாலரைக்குப் பாசிப்பயறு சுண்டல். இரவு எட்டுக்குள் ராகிக் களியோ சப்பாத்தியோ. ஜவ்வரிசிக் கஞ்சி நம் சேலத்துப் பண்டம்தான், ஆனால் அது முழுக்க மாவுச்சத்து. சீக்கிரம் ஏறும், நின்று தாங்காது. அதை மட்டும் குடித்து ஒரு வேளையை ஓட்டுவதை விட்டுவிட்டேன். கல்யாண வீட்டில் பந்தி எப்போது என்று தெரியாது, அதனால் வீட்டிலேயே இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் போவேன். யார் என்ன நினைத்தாலும் சரி.

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இப்போது மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. வேளைக்குச் சாப்பிடுவது மட்டும் நம் பொறுப்பு. விரதம் இருந்தே தீர வேண்டும் என்றால், எந்த மாத்திரையைக் குறைப்பது, எதை நிறுத்துவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

இந்தச் சனிக்கிழமையும் நைனாமலைக்குப் போகிறோம், அடிவாரம் வரைக்கும். காலையில் சாப்பிட்டுவிட்டுத்தான். என் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கும். மனைவியின் முந்தானையில் ஒரு முடிச்சு நாட்டுச் சர்க்கரை இருக்கும். பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.