பத்து வாசல் ஏறி இறங்கும் பனியன்... திருப்பூரில் ஒரு நாள் சுற்றிப் பார்க்கலாமா?

திருப்பூர் என்றதும் பலருக்கும் பெரிய பெரிய பனியன் கம்பெனிகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து ஏதாவது ஒரு குறுக்குத் தெருவில் நுழைந்தால், ஊரின் நிஜ முகம் வேறு மாதிரி இருக்கும். ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நான்கு தையல் மெஷின்கள். பக்கத்துக் கட்டடத்தில் பிரிண்டிங் பட்டறை. எதிரே லேபிள் கடை. வழியை மறித்து நிற்கும் டாடா ஏஸ் வண்டியில் துணி உருளைகள். சந்து முனையில், முன்னும் பின்னும் பண்டல் கட்டிய மொபட்.

இந்த மொபட்டின் பின்னாலேயே போனால் திருப்பூரின் வெற்றி ரகசியம் புரிந்துவிடும்!

ஒரு டி-ஷர்ட்டின் பயணம்

நாம் போட்டிருக்கும் டி-ஷர்ட்டை ஒரே கம்பெனி தயாரித்திருக்கும் என்று நினைத்தால், அது பெரும்பாலும் தவறு. நூல் முதலில் நிட்டிங் பட்டறைக்குப் போய் துணியாகிறது. அங்கிருந்து டையிங், அதாவது சாயப்பட்டறை. துவைத்தால் சுருங்காமலிருக்க காம்பேக்டிங். பிறகு கட்டிங். வெட்டிய துண்டுகள் பிரிண்டிங்குக்கும் எம்பிராய்டரிக்கும் போகின்றன. அடுத்தது, உள்ளூர்க்காரர்கள் ‘பவர் டேபிள்’ என்று சொல்லும் தையல் பட்டறை. பிசிறு வெட்டி செக்கிங், அயர்னிங், கடைசியாக பேக்கிங். எண்ணிப் பார்த்தால் பத்து வாசல்!

எல்லா வேலையையும் ஒரே கூரையின் கீழ் செய்யும் பெரிய நிறுவனங்களும் இங்கே உண்டு. ஆனால் ஊரை ஊராக வைத்திருப்பது, ஒரே ஒரு வேலையை மட்டும் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைகள்தான். இதற்குப் பெயர் ‘ஜாப் ஒர்க்’. நான்கு மெஷின் மட்டும் வைத்திருப்பவர் சாயப்பட்டறை கட்ட வேண்டியதில்லை. ஆர்டர் பிடித்தவர் எம்பிராய்டரி மெஷின் வாங்க வேண்டியதில்லை. அவரவர் முதலுக்கு ஏற்ற வேலையை எடுத்துக்கொண்டு, மீதியைப் பக்கத்துத் தெருக்காரரிடம் கொடுக்கிறார்கள்.

உள்பனியனுக்குப் பெயர் பெற்ற இந்த ஊரைத் தேடி, 1970களின் இறுதியில் இத்தாலி வியாபாரிகள் வந்தார்கள். ஏற்றுமதி சூடுபிடித்தது. ஒருவரால் தனியாக முடிக்க முடியாத ஆர்டரைப் பத்துப் பேர் பிரித்து எடுத்துக்கொள்ளும் பழக்கம் கைகொடுத்தது. கம்பெனியில் கூலிக்கு வேலை பார்த்தவர்களே, சொந்தக்காரர்களோடும் உடன் வேலை பார்த்தவர்களோடும் பங்கு போட்டு மெஷின் வாங்கி, முதலாளியான கதைகள் இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. 1990-ல் ஏற்றுமதியாளர்களுக்கென்றே சங்கமும் வந்தது.

ஊரே நின்றுபோன 2011

ஆனால், இந்தக் கூட்டுத் தொழிலுக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் மொத்தச் சங்கிலியும் நின்றுவிடும்.

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாகப் போய்க் காவிரியில் கலக்கும் நதி நொய்யல். சாயப்பட்டறைக் கழிவுநீர் பல ஆண்டுகள் அதில்தான் கலந்தது. கீழே 1992-ல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில், பாசன நீருக்குப் பதில் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பாகின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீர் ஒரு சொட்டுகூட வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையை 2009-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. அது நிறைவேறாததால், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

700-க்கும் மேற்பட்ட பட்டறைகளில் வேலை நின்றது. சாயம் போடாத துணியை யார் வெட்டுவது, யார் தைப்பது? துணியை வெளியூர்களுக்கும் வெளிமாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயம் போட்டு வாங்க வேண்டியிருந்தது. சாயத்துக்குச் சம்பந்தமே இல்லாத தையல் பட்டறைகளும் வேலையில்லாமல் தவித்தன.

இதிலிருந்து மீண்டதும் கூட்டாகத்தான். தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட வசதி இல்லாத சின்னப் பட்டறைகள், பல பேர் சேர்ந்து நடத்தும் பொது சுத்திகரிப்பு நிலையங்களைத்தான் நம்பியிருந்தன. இப்படிப்பட்ட 18 நிலையங்களைச் சீரமைக்க, தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. ஒவ்வொரு பட்டறையின் கழிவுநீரும் குழாய் வழியாக நிலையத்துக்கு வரும். அங்கே வடிகட்டி, ஆர்.ஓ. முறையில் நல்ல நீரைப் பிரிப்பார்கள். மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி உப்பையும் எடுப்பார்கள். தண்ணீரும் உப்பும் திரும்பவும் சாயம் போடவே பயன்படும்.

செலவு அதிகம்தான். ஆனால் ‘என் பட்டறை, என் லாபம்’ என்று இருந்தவர்களை ‘நம் நதி, நம் பொறுப்பு’ என்று ஒரே குழாயில் இணைத்தது அந்த ஆண்டுதான்.

சனிக்கிழமைச் சம்பளம்

பவர் டேபிள் நடத்துபவர்களுக்கு வாராவாரம் ஒரு பரீட்சை உண்டு. சனிக்கிழமை வந்தால் டெய்லருக்கும் செக்கிங் பெண்களுக்கும் துணி மடித்துக் கொடுக்கும் கைமடிக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஆனால் வேலை கொடுத்த கம்பெனியிடமிருந்து பணம் வர மாதக்கணக்கில்கூட ஆகலாம். கூட்டுத் தொழில் பெரும்பாலும் முறிவது இந்த இடத்தில்தான்.

எந்த ஊரில் எந்தத் தொழிலில் கைகோத்தாலும், இவற்றை மறக்கக்கூடாது:

* பீஸ் ரேட், டெலிவரி தேதி, டேமேஜ் வந்தால் யார் பொறுப்பு... மூன்றையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

* சரக்கு கைமாறும்போதெல்லாம் டெலிவரி சலான் அவசியம்.

* ‘உத்யம்’ பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்துக்கு, எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம்.

காதர்பேட்டை போகாமல் திரும்பாதீங்க!

ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது காதர்பேட்டை. ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சியவை, சின்னக் குறையால் ஒதுக்கப்பட்டவை எல்லாம் இங்கே லாட் லாட்டாக வருகின்றன. வெளியூர் வியாபாரிகள் மொத்தமாக அள்ளிப் போகிறார்கள். சில்லறைக்கும் கிடைக்கும். வாங்கும்முன் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, கறை இருக்கிறதா என்று பாருங்கள். லேபிளில் உள்ள சைஸை மட்டும் நம்பாமல் அளந்தும் பார்த்துவிடுங்கள்.

கட்டிங் வேஸ்ட்டுக்கும் இங்கே ஆள் உண்டு. துண்டுத் துணி, மெஷின் துடைக்கவும் திரும்ப நூலாகவும் போகிறது.

மாலையில் நேரமிருந்தால், ஊத்துக்குளி சாலைப் பக்கம் சுமார் 10 கி.மீ. தூரத்திலுள்ள நஞ்சராயன் குளத்துக்குப் போகலாம். பறவைகள் சரணாலயமான இது, 2024-ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடித்தது. வெளிநாட்டுப் பறவைகளைப் பார்க்கக் குளிர்காலம் ஏற்றது. அப்படியே ஊத்துக்குளி வரை போனால், பேர் போன வெண்ணெயும் வாங்கி வரலாம்.

எப்படிப் போவது? கோவை, ஈரோடு இரண்டிலிருந்தும் திருப்பூர் சுமார் 50 கி.மீ. ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். பட்டறைகள் இயங்குவதைப் பார்க்க வேண்டுமென்றால் வேலைநாளில் போங்கள். உள்ளே எட்டிப் பார்க்கும்முன், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.